28 ஹேண்டிகேப்பும் ஒரு அயர்ன் செட்டும்: கடையில் யாரும் சொல்லாத லாஃப்ட் கணக்கு

ஒருவழியாகப் புது கோல்ஃப் அயர்ன் செட், அதாவது எண் போட்ட இரும்புத் தலை கிளப்கள் (மட்டைகள்), பைக்குள் வந்துவிட்டது. ஆனால் அதற்காக அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. என் ஹேண்டிகேப் 28; இந்த எண் கூடக்கூட ஆட்டம் பலவீனம் என்று அர்த்தம். எங்களைப் போன்றவர்கள் கடைக்குள் நுழைந்தாலே, இவருக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் சரியான அயர்ன் ரொம்பவும் தேவைப்படுவது எங்களுக்குத்தான்.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். சிமுலேட்டர், ஏசி, காபி எல்லாம் இருந்தது. என் பழைய செவன் அயர்ன் சுமாராக 125 கெஜம் போகும். அவர்கள் கொடுத்த புது மாடலில் ஓர் அடி நன்றாக மாட்டியதும் திரையில் 146 என்று வந்தது. “பாத்தீங்களா சார், ஒரே அடியில இருபது கெஜம் ஏறிடுச்சு” என்றார் விற்பனையாளர். அடுத்த நொடி பில் புத்தகம் மேஜைக்கு வந்தது.

“இதோட லாஃப்ட் எவ்வளவு?” என்று கிளப் முகத்தின் சாய்வுக் கோணத்தைக் கேட்டேன்.

“செவன் அயர்ன் சார்.”

“அது தெரியுது. எத்தனை டிகிரி?”

“டிகிரியெல்லாம் எதுக்கு சார், டிஸ்டன்ஸைப் பாருங்க.”

அங்கேயே நின்றபடி தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்தேன். 28 டிகிரி. என் பழைய செவன் அயர்ன் 34 டிகிரி. பழைய கணக்கில் இது ஃபைவ் அயர்ன்; எண்ணும் கோணமும் குறையக் குறைய தூரம் கூடும். அடியில் 7 என்று பொறித்திருக்கிறது, அவ்வளவுதான். சரி, இதே செட்டின் எய்ட் அயர்னைக் கொடுங்கள், லாஃப்ட் ஓரளவு சமமாக இருக்கும், அதை என் செவனோடு ஒப்பிடலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அடித்துப் பார்த்ததில் வித்தியாசம் சில கெஜம்தான். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

லாஃப்ட் குறைவாக இருப்பதே மோசடி என்று சொல்லவில்லை. இப்போதைய கேம் இம்ப்ரூவ்மென்ட் அயர்ன்களில் (சரியாகப் படாத அடியையும் ஓரளவு தாங்கும் வகை) எடையைக் கீழேயும் பின்னாலும் தள்ளி வைக்கிறார்கள். பந்து தானாகவே உயரமாகக் கிளம்பும் என்பதால் லாஃப்ட்டைக் குறைக்க இடம் கிடைக்கிறது. வேகமாகச் சுழற்றுபவருக்கு அது லாபம். என் வேகத்துக்குப் பந்து தட்டையாக வந்து விழுந்து, கிரீனை, அதாவது குழி இருக்கும் குட்டைப் புல்தரையைத் தாண்டி ஓடிவிடுகிறது. திரையில் எல்லோரும் தூரத்தையே பார்க்கிறோம். பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்ற எண்ணும் அதே திரையில்தான் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். பந்தின் பறப்பை அளக்கும் ட்ராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகள்) சராசரியில் செவன் அயர்ன் 172 கெஜம் பறந்து 50 டிகிரியில் இறங்கியது. எனக்கு அந்த 28 டிகிரி கிளப்பில் 40-ஐக்கூடத் தொடவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சென்னை கிரீன்கள் காய்ந்து கெட்டியாக இருக்கும்போது அந்தப் பந்து எங்கே நிற்கும்?

அடுத்த சண்டை ஷாஃப்டில், அதாவது கிளப்பின் தண்டில். டெமோவுக்கு இருந்தது எல்லாமே விறைப்பான ஸ்டிஃப், அதுவும் 130 கிராம் ஸ்டீல். கொஞ்சம் வளையும் ரெகுலர் கேட்டால், “அது வயசானவங்களுக்கு சார்” என்று பதில். இதைவிடத் தவறான யோசனை கிடையாது. ஷாஃப்டை முடிவு செய்ய வேண்டியது வயதோ மீசையோ அல்ல, சுழற்றும் வேகம். நம்மூர்ப் புழுக்கத்தில் பதினாலாவது ஹோலுக்கு வரும்போது கை எவ்வளவு களைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் எடுத்தது 95 கிராம் வகை ரெகுலர் ஸ்டீல். முழங்கை வலி உள்ளவர்கள் கிராஃபைட்டையும் தயங்காமல் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று, கடையில் இருக்கும் செயற்கைப் புல் பாய் மேல் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையைத் தட்டினாலும், பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். திரையிலும் நல்ல எண்தான் வரும். புல்லில் அதே அடி பாதித் தூரம்கூடப் போகாது. டெமோ கிளப்பை வெளியே தர மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டதால், சென்னை நந்தனத்தில் உள்ள காஸ்மோபாலிட்டன் கிளப் மைதானத்தில் ஆடும் நண்பர்களின் கிளப்களை வாங்கி அடித்துப் பார்த்தேன். ஒல்லியான அடிப்பாகம் கொண்டவை மண்ணைத் தோண்டின. அகலமான சோல் உள்ளவை, கொஞ்சம் பின்னால் பட்டால்கூட சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கின. அகலமான சோல் வேண்டும் என்பது அந்தப் புல்தரையில்தான் உறுதியானது.

அங்கே பையைச் சுமந்து உதவும் கேடி அண்ணன் ஒருவர் செய்து காட்டியதுதான் இந்த முழு அலைச்சலிலும் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் நேர்க்கோடு ஒன்றைத் தடிமனாகப் போட்டார். கோடு கிளப்பைப் பார்த்து நிற்கும்படி பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். அடித்ததும் கிளப் முகத்தில் நீலக் கோடு அப்படியே பதிந்திருந்தது. நேராக அல்ல; மேல்முனை டோ (கிளப் தலையின் வெளிமுனை) பக்கம் சாய்ந்திருந்தது. “டோ தூக்கிக்கிட்டு வருது சார். அதான் உங்க பந்து எப்பவும் லெஃப்ட்ல போகுது” என்றார். என் உயரம் 5 அடி 4 அங்குலம். ஸ்டாண்டர்ட் லை (தண்டு தரையோடு சேரும் கோணம்) எனக்கு அதிகம் நிமிர்ந்தது. எந்தக் கடையிலும் யாரும் என் லையை அளந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு பிங் (Ping) என்ற கிளப் நிறுவனத்தின் பக்கம் போனேன். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். கிளப் தலையின் நடுவில் இருந்த எடையை விளிம்புகளுக்குத் தள்ளினால், நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திரும்பாது என்பதை வைத்து அயர்ன் செய்தவர். 1982-இல் வந்த அவர்களுடைய ஐ-2 (Eye2) அயர்ன் இன்றும் சிலர் பையில் இருக்கிறது. நடுவில் படாத அடிகளே அதிகம் உள்ள எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் லை கோணத்தை வண்ணப் புள்ளியால் குறிக்கிறார்கள்: கறுப்பு ஸ்டாண்டர்ட், நீலம் நிமிர்ந்தது, சிவப்பு தாழ்ந்தது. வேறொரு இடத்தில் ஃபிட்டிங் ஒழுங்காக முடிந்தது. 30 டிகிரி செவன் அயர்ன், ரெகுலர், சிவப்புப் புள்ளி. ஆர்டர் கொடுத்தேன்.

சொன்ன தேதி தாண்டி ரொம்ப நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறந்தால் எல்லாவற்றிலும் கறுப்புப் புள்ளி.

“புள்ளி வெறும் அடையாளம்தான் சார், ஆடிப் பாருங்க, பழகிடும்” என்றார் கவுன்டரில் இருந்தவர். பிறகு, இங்கேயே வளைத்துத் தருகிறோம் என்றார்கள். கஸ்டம் ஆர்டரைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். நான் அசையவில்லை. ஃபிட்டிங் முடிந்த அன்றே அவர்கள் எழுதிய தாளைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதில் சிவப்பு என்று தெளிவாக இருந்தது. பிங் அயர்ன்களில் சீரியல் எண் பொறித்திருக்கும். எந்த அளவில் செய்து அனுப்பினார்கள் என்பது அந்த எண்ணோடு நிறுவனத்தின் பதிவில் இருக்கும். எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். கறுப்பு என்று ஆர்டர் வந்ததால் கறுப்பில் செய்தோம் என்று பதில் வந்தது. தாளிலிருந்து கணினியில் ஏற்றியபோது கடையில் நடந்த பிழை அது. இரண்டையும் மேஜையில் வைத்ததும் பேச்சு நின்றது. செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு ரூபாய்கூட வாங்காமல் சிவப்பில் வரவழைத்துத் தந்தார்கள். அன்று மனதுக்கு அவ்வளவு நிம்மதி.

ஃபோர், ஃபைவ் அயர்ன்களை நான் வாங்கவே இல்லை. செட்டில் சேர்த்துத்தான் தருவோம் என்று அழுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் வேகத்துக்கு அந்த இடத்தில் ஹைப்ரிட் என்ற, தடித்த தலை கொண்ட கலப்பு வகை கிளப்தான் பந்தைத் தூக்கும். 14 கிளப்தான் பையில் இருக்கலாம் என்பது விதி. மிச்சமாகும் இடத்தை வெட்ஜுக்கு, அதாவது கிட்டத்து அடிகளுக்கான அதிக லாஃப்ட் கிளப்புக்குக் கொடுங்கள். இப்போதைய செட்களில் பிட்சிங் வெட்ஜ் பெரும்பாலும் 45 டிகிரிக்குக் கீழேதான் வருகிறது. சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் பெரிய ஓட்டை விழுகிறது, அதுவும் நாம் அடிக்கடி நிற்கும் 70, 80 கெஜத்தில். அங்கே அரை வீச்சு, முக்கால் வீச்சு என்று தடுமாற வேண்டாம். அயர்ன் ஆர்டரோடு சேர்த்தே ஒரு 50 டிகிரி வெட்ஜையும் எழுதச் சொல்லுங்கள், லை புள்ளியின் நிறத்தோடு.