மல்யுத்தத்தின் ஒண்டுக்குடித்தனம்

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தைப் பார்க்கத் தொடங்கிய புதிதில் என்னைக் குழப்பியவை பிடிகளோ புள்ளிக் கணக்கோ அல்ல. எந்த அணி எந்தக் கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் எந்தக் கூட்டமைப்பில், இருக்கிறது என்பதுதான். ஒரு பல்கலைக்கழகம் எந்தக் கூட்டமைப்பில் சேர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொலைக்காட்சிப் பணமே முடிவு செய்கிறது. போய்ச் சேர்ந்த வீட்டில் மல்யுத்தத்துக்கு இடமில்லையென்றால், மல்லர்கள் மட்டும் வேறொரு வீட்டில் ஒண்டுக்குடித்தனம் போக வேண்டியதுதான். ‘இணை உறுப்பினர்’ என்பது அதற்கான கௌரவமான பெயர்.

மிசௌரியின் கதை இதற்கு நல்ல சான்று. 2012இல் அந்தப் பல்கலைக்கழகம் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்பதற்கு மாறியது. எஸ்.இ.சி.யிலோ மல்யுத்தமே கிடையாது. ஆகவே மிசௌரி மல்லர்கள் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் இணை உறுப்பினராக ஒன்பது பருவங்கள் ஆடிவிட்டு, 2021இல் தாங்கள் புறப்பட்ட அதே பிக் 12க்கு, இம்முறை விருந்தாளிகளாகத் திரும்பினார்கள்.

அந்த இடைவெளியில் பிக் 12உம் மாறியிருந்தது. நெப்ராஸ்காவும் மிசௌரியும் போனபின், மல்யுத்த அணி உள்ள உறுப்பினர்கள் நான்கே பேர் என்ற நிலை அங்கே ஏற்பட்டது. 2015இல் வயோமிங், வடக்கு டகோட்டா ஸ்டேட், ஏர் ஃபோர்ஸ் உள்ளிட்ட ஆறு அணிகளை இணை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டுதான் அது மீண்டும் ஒரு முழுமையான போட்டியை நடத்த முடிந்தது. வீட்டுக்காரரைவிடக் குடித்தனக்காரர் எண்ணிக்கை மிகுந்துபோன வீடு அது.

இதெல்லாம் பெயர்ப்பலகை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு மார்ச் மாதம் நடத்தும் தேசியப் போட்டியில் பத்து எடைப் பிரிவுகளிலும் பிரிவுக்கு 33 பேராக, மொத்தம் 330 மல்லர்களுக்கே இடம் உண்டு. அந்த இடங்களில் பெரும்பகுதி கான்ஃபரன்ஸ் போட்டிகளின் வழியாகவே நிரப்பப்படுகிறது. மல்லர்களின் பருவ வெற்றி விகிதம், எதிராளிகளின் தரம், பயிற்சியாளர்களின் தரவரிசை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் எடைப் பிரிவுவாரியாக எத்தனை இடம் என்று முன்பே ஒதுக்கிவிடுகிறார்கள். மல்யுத்தத்துக்கென ஒரு கான்ஃபரன்ஸ் கிடைக்காத அணியின் மாணவன் அந்த வரிசையில் எங்கே போய் நிற்பான்?

ஸ்டான்ஃபோர்டின் நிலை வேறு. 2020இல் அந்தப் பல்கலைக்கழகம் கைவிடுவதாக அறிவித்த 11 விளையாட்டுகளில் மல்யுத்தமும் ஒன்று. மறு ஆண்டு மார்ச்சில் அதன் மல்லர் ஷேன் கிரிஃபித், கல்லூரிப் பெயர் இல்லாத கறுப்பு உடையில் களமிறங்கி 165 பவுண்டு பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். மே மாதத்தில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. பிறகு அது இருந்த மேற்குக் கடற்கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12 சிதறியபோது, 2024இல் கலிஃபோர்னியாவின் அந்த அணி ‘அட்லாண்டிக் கடற்கரை’ கான்ஃபரன்ஸில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கர்களுக்கே இப்போது புவியியல் கொஞ்சம் மறந்திருக்கும்.

இந்த ஒண்டுக்குடித்தனத்தை இழிவாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் பிக் 12ஐ விட்டு எஸ்.இ.சி.க்குப் போனதோடு, ஓக்லஹோமா ஸ்டேட்டுடன் அது ஆண்டுதோறும் ஆடிவந்த ‘பெட்லம்’ ஃபுட்பால் ஆட்டம் 2023உடன் நின்றுபோனது. மல்யுத்தத்தில் மட்டும் ஓக்லஹோமா பிக் 12இல் இணை உறுப்பினராகத் தங்கிவிட்டதால், 2025 பிப்ரவரியிலும் அவ்விரு அணிகளின் மல்யுத்த பெட்லம் வழக்கம்போல் நடந்தது.