பெயரில்லாப் பத்திரிகை

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே ஒரு மாணவர் பத்திரிகை இருந்தது. அதன் முதற்பக்கத்தில் மாதந்தோறும் துணைவேந்தர் நாடா வெட்டிக்கொண்டிருப்பார். ஓராண்டில் அவர் வெட்டிய நாடாவை நீட்டிப் பிடித்தால் விடுதியிலிருந்து பரீட்சை மண்டபம் வரை போகும் என்று ஒருவன் கணக்குப் போட்டான். நாங்கள் தனியாகத் தொடங்கிய பத்திரிகையின் முதல் செய்தி அதுதான்.

பெயர் வைக்கவில்லை. இதழுக்கு இதழ் வேறு தலைப்புப் போட்டோம். பெயரில்லாததை எப்படித் தடைசெய்வது? ஹார்வர்ட் மாணவர்கள் 1876-லேயே ‘லாம்பூன்’ என்ற நையாண்டி இதழைத் தொடங்கிவிட்டார்கள் என்று எங்கோ படித்த நண்பன், “நாம் நூறாண்டு பிந்திவிட்டோம்” என்று அவசரப்படுத்தினான்.

அச்சகம் என்று பார்த்தால் ஒரேயொரு ரோனியோ இயந்திரம்; மெழுகுத்தாளில் வெட்டிய எழுத்துகளின் வழியே மையைக் கசியவிட்டுப் பிரதி எடுப்பது. தட்டச்சுப் பொறியின் நாடாவை (இது வேறு நாடா) விலக்கிவிட்டு, வெறும் எழுத்துகளால் மெழுகுத்தாளை வெட்ட வேண்டும். கொஞ்சம் ஓங்கித் தட்டினால் வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி கழன்று, அந்த இடம் மையால் நிரம்பிவிடும். பிழை வந்தால் சிவப்புத் திரவத்தைத் தடவிக் காயும்வரை ஊதிக்கொண்டிருப்போம். கேலிச்சித்திரத்தை ஊசிமுனையால் கீறுவோம்; சற்று அழுத்தினால் தாள் கிழிந்து, பேராசிரியர் மூக்கில்லாமல் வெளிவருவார். கையில் ஒட்டிய மை இரண்டு நாளுக்குப் போகாது. எங்களைப் பிடிக்க நிர்வாகம் விசாரணை வைத்திருக்கவே வேண்டாம், நகங்களைப் பார்த்திருந்தால் போதும்.

நூலகத்துக்குள் நுழைய அனுமதிப் படிவம் வேண்டும், படிவம் நூலகத்தின் உள்ளே கிடைக்கும் என்று ஓர் அறிவித்தல் எழுதினோம். அலுவலக நடையிலேயே எழுதியதால் பலர் நம்பிவிட்டார்கள். சிலர் வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, எழுத்தர் மறுபேச்சில்லாமல் தேதி முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார். அதை மிஞ்சும் நகைச்சுவையை எங்களால் கடைசிவரை எழுத முடியவில்லை.

நான்காம் இதழ்தான் உறுத்துகிறது. விரிவுரையாளர் ஒருவருக்குத் திக்குவாய். அவர் வகுப்பை, திக்கல் ஒன்றையும் விடாமல், நான் எழுதினேன், விடுதியே சிரித்தது. மறுவாரம் வகுப்பு முடிந்ததும் அவர் என்னை நிறுத்தி, மடித்த பிரதியொன்றை நீட்டினார். என் விரல்களை ஒரு கணம் பார்த்தார். அறைக்குப் போய்ப் பிரித்தேன். இரண்டு எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. வேறொன்றும் எழுதவில்லை.

பழைய பிரதி ஏதாவது இருந்தால் அனுப்பும்படி பல்கலைக்கழக நினைவு மலரைத் தயாரிக்கும் குழுவினர் கேட்டார்கள். நூலக அறிவித்தல் வந்த இதழை அனுப்பியிருக்கிறேன்.