பழைய ஹார்டு டிஸ்கை மாற்றுவதா, விட்டுவைப்பதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மேசைக் கணினியில் 2013 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கை, வரும் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். வயதை மட்டும் பார்த்து எடுத்த முடிவு அன்று. பத்தாண்டு கடந்தும் உழைக்கும் டிஸ்குகள் உண்டு, ஓராண்டுக்குள் படுத்துவிடுபவையும் உண்டு. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவை, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் எவரும் பார்க்கலாம். அதில் 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களின், அதாவது தகவல் பதியும் சிறு கூறுகளின், கணக்கு. 197ஆம் எண், சரிவரப் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் கணக்கு. இரண்டும் பூஜ்யமாக இருந்தாலும் டிஸ்க் திடீரென நின்றுபோகலாம் என்பது உண்மைதான். ஆனால், எங்கள் டிஸ்கில் நேர்ந்திருப்பதுபோல 197 ஏறத் தொடங்கிய பிறகும் அதையே நம்பியிருப்பது விவேகமாகாது.

கணினியையே புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார் புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் நண்பர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, எங்கள் பிராசஸர் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது என்ற அளவில் அவர் சொல்வது நியாயமே. ஆயினும் தட்டச்சுக்கும் வீட்டுக் கணக்குக்கும் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளம் போதும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. தேடும் இடம் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரமாவது காத்திருக்க வேண்டும், தகவலைப் படிக்கும் முனையான ஹெட் நகரும் நேரம் தனி. சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லாததால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்துக் கணினி எழும் வேளையில்தான் அதன் அருமை தெரியும். ஆகவே இயங்குதளத்துக்கு ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் 500 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குகிறேன், நாளை வேறு கணினி வாங்கினாலும் அதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

புகைப்படங்களுக்கும் ஸ்கேன் செய்த பத்திரங்களுக்கும் புதிய ஹார்டு டிஸ்கே போதும். அவற்றைப் படிக்க வேகம் தேவையில்லை. மேலும், எழுதி எழுதித் தேய்ந்துபோன எஸ்.எஸ்.டி. மின்சாரமின்றிக் கிடந்தால் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதே சில்லுத் துறையின் தரநிர்ணய அமைப்பான ஜெடெக்கின் விதி, நம்மூர் மே மாதமோ அந்த 30 டிகிரிக்கு அடங்குவதில்லை. உண்மையில் எஸ்.எஸ்.டி.யைவிட அவசியமான செலவு, வேறு ஊரில் வைக்கும் இன்னொரு பிரதிக்கானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊரில், இரண்டு பிரதிகளையும் ஒரே அலமாரியில் வைப்பது பேக்கப் ஆகாது. அந்தப் பிரதி சேலத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறது.

வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டை நகலெடுக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். கெட்ட செக்டார்களில் டிஸ்க் திணறி நின்றால் இன்னும் நீளும் என்பதால் முதலில் பத்திரங்கள், அடுத்து புகைப்படங்கள், கடைசியாகத் திரைப்படங்கள் என்று வரிசை வகுத்திருக்கிறேன். திரைப்படங்கள் வராமல் போனாலும் வீட்டில் வருந்துபவர் எவருமில்லை.