பெருவழுதி அச்சு: மூன்றாவது முறை எழுத்து நேராக விழுந்தது

சங்ககாலப் பாண்டியன் பெருவழுதியின் செப்புக்காசை, எஃகில் அச்சு வெட்டி நகலாக அடித்துப் பார்க்கிறேன். நேற்று இரவு பதினொரு மணிக்குக் காசில் 'பெருவழுதி' என்ற பெயர் நேராக விழுந்தது. முதல் இரண்டு அச்சும் பாழ்.

செம்பைக் காய்ச்சி இளக்குவது, எஃகுக்குப் பதம் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கும் பழகியதுதான். என் உயிரை வாங்கியது தமிழி எழுத்தை, அதாவது தமிழ் பிராமியை, இடவலம் மாற்றி வெட்டும் வேலை. 'வ'வில் தொடங்கினேன். வட்டத்தின் மேல் ஒரு குச்சி. திருப்பினாலும் அதே 'வ'. அந்தத் தைரியத்தில் 'ரு'வுக்குப் போனேன். ஒற்றைக் கோடு, அடியில் வலப்பக்கம் நீளும் சின்னக் கோடு. அச்சில் அது இடப்பக்கம் நீள வேண்டும். பழகிய கை வலப்பக்கமே இழுத்தது, இரண்டு அச்சிலும். இந்த முறை தாளில் எழுதி, கவிழ்த்து எஃகில் ஒட்டி, கோட்டின் மேலேயே சித்துளியை ஓட்டினேன். ஒவ்வொரு எழுத்தையும் மெழுகில் ஒற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

தகடு வெங்கலக்கடைத் தெருவில் எடைக்கு வாங்கியது. அதற்கு முன் வேறொரு கடையில் செம்பு என்று கொடுத்தது, தட்டியதுமே விளிம்பில் வெடித்தது. வாங்கும்போதே ஒரு மூலையை மடக்கிப் பாருங்கள்.

இவ்வளவு பாடுபட்டு அந்த அரசன் தன் பெயரை ஏன் வெட்டச் சொன்னான்? கி.மு. 7ஆம் நூற்றாண்டு லிடியாவில் (இன்றைய மேற்குத் துருக்கி), பொன்னும் வெள்ளியும் கலந்த காசுக்குச் சிங்கத்தலையே அரசின் உறுதிமொழி. போடிநாயக்கனூரில் கிடைத்த பழைய வெள்ளி முத்திரைக் காசுகளிலும் (சின்னங்களைக் குத்திய காசுகள்) பின்பக்கம் மீன் சின்னம்தான், பெயர் கிடையாது. பாண்டியன் காசு என்று சொல்ல மீன் போதும். எந்தப் பாண்டியன் என்று சொல்லப் பெயர் வேண்டும். வரி கட்டுகிறவன், கூலி வாங்குகிற வீரன், எல்லார் கையிலும் வழுதி இருந்தான். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் இன்னும் ஒரு படி மேலே போய், சோழநாட்டை வென்ற சேதியையே 'சோணாடு கொண்டான்' என்று செப்புக்காசில் போட்டான். கல்வெட்டைப் படிக்க அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். காசு அப்படியில்லை, வீட்டுக்கே வரும்.

'தி'யில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விட்டது. சரி, பழங்காசுகளிலும் அப்படி நிறைய உண்டு. ஆனாலும் அடுத்த தகட்டை ஒரு மில்லிமீட்டர் அகலமாக வெட்டப் போகிறேன்.

முன்பக்கம் பெயரோடு வரும் குதிரை பரவாயில்லை. பின்பக்க மீன் அச்சை இன்னும் தொடவே இல்லை. அதற்குள் 'சோணாடு கொண்டான்' அச்சுக்கு எஃகு அறுத்து வைத்தாயிற்று. கொற்கைப் பக்கம் அக்கசாலைக்கும் ஒருமுறை போய் வர வேண்டும். ஊர்ப் பெயரிலேயே நாணயச்சாலை இருக்கிறது.

அப்புறம் ஒன்று. அடிக்கிற ஒவ்வொரு காசின் விளிம்பிலும் இந்த ஆண்டைக் குத்துகிறேன். நீங்களும் குத்துங்கள், யாரும் இதைப் பழங்காசு என்று விற்றுவிடக் கூடாது.