பெர்லின் பியர் மைலில் ஒரு நாள்

பெர்லினில் ஆகஸ்ட் மாதம் நடந்த சர்வதேச பியர் திருவிழாவுக்கு (‘பியர் மைல்’ என்பதும் இதுதான்) போயிருந்தேன். மைதானம் எல்லாம் கிடையாது, கார்ல் மார்க்ஸ் அலே சாலையில் ஷ்ட்ராவுஸ்பெர்கர் பிளாட்ஸிலிருந்து ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோர் வரை சுமார் 2 கிலோமீட்டருக்கு வரிசையாகக் கடைகள், பின்னால் ஸ்டாலின் பாணிப் பிரம்மாண்டக் குடியிருப்புகள் (1961 வரை தெருவுக்கே ஸ்டாலின் பெயர்தான்). 0.2 லிட்டர் பிடிக்கிற சின்னக் குவளை ஒன்றை வாங்கிக்கொண்டால் கடை கடையாக ருசி பார்க்க முடிந்தது. அரை லிட்டர் கிளாஸோடு கிளம்பியவர்கள் பாதி வழியிலேயே புல்லில் சாய்ந்துவிட்டார்கள்.

ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரின் ரவுக்பியரை, அதாவது புகை வாசனை பியரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பீச் (beech) மரப் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தைக் காய வைக்கிறார்கள், அதனால் முதல் மடக்கு கருவாடு சுட்ட அடுப்படி மாதிரி இருக்கும், முகம் சுளித்துக்கொண்டே குடித்தேன், குவளை காலியாவதற்குள் பிடித்துப்போய் இன்னொன்று கேட்டேன்! பெல்ஜியத்தின் செர்ரி லாம்பிக் (செர்ரிப் பழம் சேர்த்த பியர்) நல்ல புளிப்பு. பெர்லினின் சொந்தச் சரக்கான வைஸ்ஸே என்கிற கோதுமை பியரும் புளிப்புதான், ஆனால் அதில் சிவப்பு அல்லது பச்சை சிரப் ஊற்றித் தருகிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை. பெரிய கம்பெனிகளின் வழக்கமான லாகர் பியர் பக்கம் போகவே இல்லை, அது எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்குமே. அப்புறம், இந்த மாதிரித் திருவிழாவுக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பிராட்வுர்ஸ்ட் (ஜெர்மன் சாசேஜ்) சாப்பிட்ட பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது.