பேய் நிஜமாக இருந்தால்தான் சிரிப்பு வரும்

பேய்க்கதையில் சிரிக்க வைப்பது பயமுறுத்துவதைவிடக் கஷ்டம். டாரத்தி ஸ்கார்பரோ தொகுத்து 1921இல் வெளிவந்த 'ஹ்யூமரஸ் கோஸ்ட் ஸ்டோரீஸ்' படித்ததிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்கார்பரோ ஆங்கிலப் புனைகதையில் வரும் அமானுஷ்யத்தை ஆராய்ந்து 1917இலேயே தனிப் புத்தகம் எழுதியவர். சிரிக்க வைக்கும் பேய் நவீன காலத்துப் பாத்திரம் என்று முன்னுரையில் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிராங்க் ஸ்டாக்டனின் 'தி டிரான்ஸ்ஃபர்டு கோஸ்ட்' (1882). ஜான் ஹிங்க்மேன் என்ற பெரியவர் சாகக் கிடக்கிறார், அவருடைய பேயாக ஓர் ஆவியை நியமித்துவிடுகிறார்கள், ஆனால் மனிதர் பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இப்போது அந்த ஆவிக்கு வேலையும் ஓடவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை, வேறு இடத்துக்கு மாற்றல் கிடைக்காதா என்று தவிக்கிறது. இதில் உயிரோடு இருக்கும் ஹிங்க்மேனின் கோபத்தைக் கண்டு பேய்க்குத்தான் நடுக்கம்! விருந்தாளியாக வந்திருக்கும் இளைஞன் அவருடைய உறவுப் பெண்ணிடம் காதலைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்துப் பேய் வந்து நிற்க, அதை விரட்ட அவன் கத்துவதையெல்லாம் அந்தப் பெண் தன்னைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்கிறாள். ஸ்டாக்டன் எங்கேயும் பேயைக் கேலி செய்யவில்லை. அதன் கஷ்டத்தை அக்கறையோடு சொல்கிறார், நமக்குச் சிரிப்பு தானாக வருகிறது.

ஆஸ்கர் வைல்டின் 'தி கேன்டர்வில் கோஸ்ட்' (1887) கதையும் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. பழைய ரத்தக் கறையை அமெரிக்கக் குடும்பம் தினமும் கறை நீக்கி போட்டுத் துடைக்க, பேய் அந்த வீட்டுப் பெண்ணின் வண்ணப்பெட்டியிலிருந்து நிறம் திருடிக் கறையைப் புதுப்பிக்கிறது. சிவப்பு தீர்ந்துபோனதும் கறை மரகதப் பச்சையாகிவிடுகிறது. அப்புறம் அதே பேய் முந்நூறு வருடமாகத் தூங்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் இடம் வருகிறதே, அதுவரை சிரித்த சிரிப்பு அப்படியே நின்றுவிடும்.

ஜான் கெண்ட்ரிக் பேங்ஸின் தண்ணீர்ப் பேயும் அருமை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தைய இரவு வந்து அறையையும் ஆளையும் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டுப் போகிற அந்தப் பெண் பேயை எப்படி ஒழிக்கிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன், தண்ணீர் கடுங்குளிரில் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதையும் ஒரே தரமில்லை. வாஷிங்டன் இர்விங் கதையிலும் டாப்பிங்டன் மாளிகைக் கதையிலும் கடைசியில் பேயே இல்லை என்று ஆகிவிடுகிறது, அங்கே எனக்குச் சப்பென்று போய்விட்டது. பேய் நிஜமாக இருந்து, அதற்கென்று விதிகளும் இருந்து, அந்த விதியிலேயே அது மாட்டிக்கொள்ளும்போதுதான் இந்த வகைக் கதை உயிரோடு நிற்கிறது. எல்லிஸ் பார்க்கர் பட்லர் கதை வேறு விதமாக உறுத்துகிறது: ஒரு கறுப்பினச் சிறுவனின் பயத்தையும், அந்த மக்களின் பேச்சையும் வேடிக்கைப் பொருளாக்கியிருக்கிறார், இன்று அதைச் சிரித்துக்கொண்டு படிக்க முடியாது.

புத்தகம் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வரிசைப்படி படிக்க வேண்டாம். ஸ்டாக்டனில் தொடங்கி, பேங்ஸைப் படித்துவிட்டு, வைல்டுக்கு மட்டும் அவசரமில்லாத ஓர் இரவை ஒதுக்கி வையுங்கள்.