பாக்கெட்டில் இருப்பது 62 கிராம், விரலில் இருப்பது எவ்வளவு?

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு தனிச் சுவிட்சும், அதற்குள் கீயை மேலே தள்ளும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். அந்தச் சுவிட்சுகளுக்கு மாற்று ஸ்பிரிங் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கிராம் எண்ணைத்தான். அந்த எண்ணில் தவறில்லை. ஆனால் சுவிட்சு எவ்வளவு தூரம் இறங்கியபோது அளந்த எண் அது என்பதைப் பல பாக்கெட்டுகள் சொல்வதில்லை. வாங்கியபின் ஏற்படும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ரெட் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த ஓட்டம் 4 மி.மீ.; ஏறத்தாழ 2 மி.மீ. இறங்கியதும் உள்ளே இருக்கும் தகடுகள் தொட்டுக்கொண்டு எழுத்து பதிவாகிறது. செர்ரி அதற்குக் குறிப்பிடும் 45 சென்டிநியூட்டன் என்பது இந்தப் பதிவாகும் இடத்தில், அதாவது ஆக்சுவேஷனில், தேவைப்படும் அழுத்தம். ஒரு கிராம் எடை 0.98 சென்டிநியூட்டனுக்குச் சமம் என்பதால் நம் வேலைக்கு இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம். கனடாவின் ஜீல்பிசி நிறுவனம் தன் ஜீலியோஸ் சுவிட்சுகளை 62, 65, 67, 78 கிராம் என்று பிரித்து விற்றபோது, அந்த எண்கள் சுவிட்சு அடிவரை அமுங்கும்போது, அதாவது பாட்டம் அவுட்டில், தேவைப்படும் எடையைக் குறித்தன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், 45-லிருந்து 62-க்குப் போனால் 17 கிராம் கூடிவிடும் என்று கணக்குப் போடுவார். எம்எக்ஸ் ரெட்டும் அடியில் 60 கிராமை ஒட்டித்தான் வருகிறது என்பது அவர் கண்ணில் படாது. தனியாக விற்கும் ஸ்பிரிங்குகளில் பெரும்பாலானவை பாட்டம் அவுட் எடையைத்தான் போடுகின்றன. சில ஆக்சுவேஷன் எடையைப் போடுகின்றன. விற்பனைப் பக்கத்தில் எது என்று எழுதியிருக்காவிட்டால், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்காமலிருப்பதே நல்லது.

இந்த இரண்டு எண்களோடு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் பாக்கெட்டில் போடுவதில்லை. விரலுக்கோ அதுதான் முதலில் தெரிகிறது. ஸ்பிரிங் சுவிட்சுக்குள் உட்காரும்போதே ஓரளவு அமுங்கித்தான் உட்காருகிறது. ஆகவே கீ அசையத் தொடங்குவதற்கே ஒரு குறைந்தபட்ச எடை வேண்டும். அந்தத் தொடக்க எடையிலிருந்து அடிவரை, சாதாரண ஸ்பிரிங்கில், எடை நேர்கோடாக ஏறுகிறது; பள்ளியில் படித்த ஹூக் விதிதான். இரண்டு ஸ்பிரிங்குகளும் அடியில் 62 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மில்லிமீட்டருக்கு 8 கிராம் ஏறுவது: 30-இல் தொடங்கி, நடுவில் 46-ஐத் தொட்டு, 62-இல் முடிகிறது. இன்னொன்று மில்லிமீட்டருக்கு 4 கிராம் மட்டுமே ஏறும் நீளமான ஸ்பிரிங்: 46-இல் தொடங்கி, நடுவில் 54, அடியில் அதே 62. பாக்கெட்டில் ஒரே எண்தான். ஆனால் முதலாவதில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தாலே எழுத்து விழுந்துவிடும் என்ற பயம் இருக்கும். இரண்டாவதில் விரல் நிம்மதியாக ஓய்வெடுக்கும், அழுத்தும்போது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும், விட்டதும் கீ துள்ளி மேலே வரும்.

சந்தையில் 'ஸ்லோ' என்றும் 'லாங்' என்றும் பெயரிட்டு விற்பவை இந்த இரண்டாவது வகை. வழக்கமான ஸ்பிரிங் 14 அல்லது 15 மி.மீ. நீளமிருந்தால், இவை 20 மி.மீ. வரையும் அதற்கு மேலும் போகும். 'புரோகிரசிவ்' என்பவை இதற்கு நேர்மாறு. அவற்றின் சுற்றுகள் சீரான இடைவெளியில் இருக்காது. நெருக்கமான சுற்றுகள் முதலில் ஒட்டிக்கொள்ள, மீதிச் சுற்றுகள் மட்டும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் கீழே போகப்போக எடை வேகமாக ஏறும். அடியில் ஓங்கிக் குத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது மெத்தை போல இருக்கும் என்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவருக்கு மேலே இலேசாகவும் கீழே கனமாகவும் மாறிக்கொண்டே இருக்கும் கீயைவிட, மாறாத கீதான் சோர்வு குறைவாகத் தரும் என்பது என் எண்ணம். தங்க முலாம் பூசியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடலோர ஊரின் ஈரக்காற்றில் துரு பிடிக்காது என்பதைத் தவிர விரலுக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை.

இனி அளப்பது. எளிய முறை நாணயங்களை அடுக்குவது. இப்போது புழங்கும் பத்து ரூபாய் நாணயம் ஏறத்தாழ 7.7 கிராம். ஐந்து ரூபாயை இதற்கு நம்ப வேண்டாம்: பழைய கனத்த நாணயம் 9 கிராம், 2011-க்குப் பின் வந்த மஞ்சள் நாணயம் 6 கிராம், இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அகலம் என்பதால் கீகேப்பின், அதாவது விரல் படும் மேல்மூடியின், மேல் நேராக நிற்காது. தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றைக் கீகேப்பில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, அதற்குள் நாணயங்களைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளலாம்; மூடியின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். திரையில் எழுத்து விழும்போது இருப்பது ஆக்சுவேஷன் எடை. கீ முழுவதும் இறங்கி நிற்கும்போது இருப்பது பாட்டம் அவுட் எடை. நாணயம் நாணயமாக ஏற்றினால் 7.7 கிராம் இடைவெளிகளில்தான் அளக்க முடியும். கடைசிச் சில கிராம்களுக்கு மூடிக்குள் அரிசியைச் சிறிது சிறிதாகப் போட்டு, பிறகு மொத்தத்தையும் தராசில் வைத்து எடை பார்த்துவிடுவது நல்லது.

நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற, கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் ஆக்சுவேஷனை அளப்பது இன்னும் துல்லியமாகும். கழற்றிய சுவிட்சைத் தலைகீழாகப் பிடித்து, அதன் ஸ்டெம், அதாவது அழுத்தும்போது உள்ளே இறங்கும் நடுத்தண்டு, தராசுத் தட்டில் படும்படி வைக்க வேண்டும். மேலே தெரியும் இரண்டு உலோகக் கால்களிலும் மல்டிமீட்டரின் முனைகளைச் சிறு கிளிப்புகளால் மாட்டி, 'பீப்' ஒலிக்கும் நிலைக்குத் திருப்பிக்கொண்டு, சுவிட்சின் கூட்டை மெல்லக் கீழே அழுத்திக்கொண்டே வந்தால் எண் ஏறிக்கொண்டே போகும். ஒலி வந்த நொடியில் தராசு காட்டுவதுதான் நமக்கு வேண்டியது. அங்கிருந்து மெல்ல மேலே எடுத்தால் ஒலி நிற்கும் இடத்தில் எண் குறைவாக இருக்கும். தராசில் பிழை என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டெம் உரசும் பாதையின் உராய்வு இறங்கும்போது எடையைக் கூட்டுகிறது, ஏறும்போது குறைக்கிறது. அதோடு தகடுகள் தொடும் உயரமும் பிரியும் உயரமும் சற்று வேறுபடலாம். ஆகையால் உயவு இடாத சுவிட்சை அளந்துவிட்டு ஸ்பிரிங்கைக் குறை சொல்வதில் பொருளில்லை. பாட்டம் அவுட்டை இந்த முறையில் அளக்க முடியாது. அடியைத் தொட்டதும் கையின் வலு முழுவதும் தராசில் இறங்கி எண் தாறுமாறாகப் பாயும். அதற்கு நாணய மூடியே போதும்.

எடையைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்களுக்கு டேக்டைல் சுவிட்சுகள், அதாவது அழுத்தும் வழியில் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படுபவை, ஓர் எல்லை வைத்திருக்கின்றன. செர்ரியின் டேக்டைல் வகையான எம்எக்ஸ் கிளியரின் கனமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 62 அல்லது 65 கிராம் ஸ்பிரிங்கைப் போடும் 'எர்கோ கிளியர்' என்ற மாற்றம் ஆர்வலர்களிடையே நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அதைவிடவும் இலேசாக வேண்டும் என்று இன்னும் இறங்கினால், அழுத்திய கீ மேலே வராமல் தங்கிவிடக்கூடும். ஸ்டெம்மில் இருக்கும் மேடு, திரும்பி வரும்போதும் அதே தகட்டைத் தள்ளித்தான் வர வேண்டும். தள்ளும் வேலை ஸ்பிரிங்குடையது. மேடே இல்லாத லீனியர் சுவிட்சில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், ஸ்பேஸ்பார் போன்ற கனமான கீகேப்புகளைத் தூக்க அங்கும் ஒரு குறைந்தபட்ச வலு வேண்டும். செர்ரியே தன் சில கீபோர்டுகளில் ஸ்பேஸ்பாருக்கு மட்டும் கனமான சாம்பல் நிறச் சுவிட்சை வைத்தது.

ஸ்பிரிங் மாற்றும் வேலை கடினமல்ல, பொறுமை கேட்பது. கீபோர்டு, சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுவிட்சையும் சால்டர் நீக்கி எடுக்க வேண்டியிருக்கும். புது ஸ்பிரிங்குகளை ஜிப்லாக் பையில் போட்டு, கிரைடாக்ஸ் 105 எண்ணெயில் சில துளிகள் விட்டுக் குலுக்கினால், அழுத்தும்போது எழும் 'டிங்' என்ற உலோக ஒலி அடங்கிவிடும். குலுக்கியபின் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வரும். அவற்றை இழுத்துப் பிரிக்காமல் திருகித்தான் பிரிக்க வேண்டும். இழுபட்டு நீண்ட ஸ்பிரிங் பழைய எடைக்குத் திரும்பாது. பார்வைக்கும் அது பெரிதாகத் தெரியாது.

எந்த எடை தனக்கு ஒத்துவரும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்தடுத்த கீகளில் 55, 62, 68 என்று போட்டுப் பார்க்கும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் இலேசான கீ இருந்தால் 62 கிராம் கல்லாகத் தோன்றும். அதே 62 கீபோர்டு முழுவதும் இருந்தால் மறுநாளே விரல் அதை மறந்துவிடும். குறைந்தது ஒரு கைக்குரிய எழுத்துகள் முழுவதற்கும் ஒரே எடையைப் போட்டு, வழக்கமான வேலையைச் சில நாட்கள் அதில் செய்ய வேண்டும். தட்டச்சு வேகச் சோதனைப் பக்கங்கள் இதற்கு உதவா. அந்த ஒரு நிமிடத்தில் எந்த ஸ்பிரிங்கும் நன்றாகத்தான் இருக்கும். கேட்காத எழுத்து விழுகிறதா, கேட்ட எழுத்து விழாமல் போகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது நடந்தால் தொடக்க எடை போதவில்லை, இரண்டாவது நடந்தால் ஆக்சுவேஷன் எடை அதிகம். மாலை ஐந்து மணிக்கு மேல் கூடும் பிழைகளுக்குக் காலைப் பிழைகளைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அந்த அமைப்பில் உயிர் எழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. ந, ய, ண, ச, ஞ, ழ ஆகிய அனைத்தும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. ஆங்கிலத்தில் அந்த விரல் பி-யையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஓய்வாக இருக்கும். தமிழில் அதற்கு வரிக்கு வரி வேலை இருக்கிறது. ஜப்பானின் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகளில் விரலுக்கேற்ப 30, 45, 55 கிராம் என்று எடையைப் பிரித்து வைத்த வகை ஒன்று உண்டு. அதே யோசனையை என் கீபோர்டிலும் பின்பற்றியிருக்கிறேன்: கேட்டரான் மில்கி யெல்லோ சுவிட்சுகளில், எழுத்துகளுக்குப் பாட்டம் அவுட்டில் 62 கிராம் வரும் நீள ஸ்பிரிங், வலது சுண்டுவிரல் பகுதிக்கு மட்டும் 55, ஸ்பேஸ்பாருக்கு 68. புள்ளி வைக்கும் எஃப் கீக்கும் இலேசானது போடலாமா என்று யோசித்ததுண்டு. தமிழில் அடிக்கடி அழுத்துபவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அது ஆட்காட்டி விரலின் கீழ் வருகிறது. அந்த விரலுக்கு 62 கிராம் ஒரு பொருட்டல்ல என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

மிஞ்சிய ஸ்பிரிங்குகளை எடை வாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டு, பாக்கெட்டில் இருந்த எண்ணோடு தராசில் அளந்த எண்ணையும் எழுதி வைப்பது அவசியம். 60 கிராம் ஸ்பிரிங்கையும் 63 கிராம் ஸ்பிரிங்கையும் பக்கத்தில் வைத்தால், கம்பியின் பருமனையோ சுற்றுகளையோ பார்த்து எது எது என்று கண்ணால் சொல்லிவிட முடியாது.